மறுமொழி: ஆறு மாதத்தில் மூன்றே மருந்துத் தவறா?

தங்கச்சி, மட்டக்களப்பில நீங்க ஆய்வு செய்யிற வார்ட்டில மருந்து பிழைச்சா தாதிமார் எழுதிக் குடுக்கிற சம்பவ அறிக்கை ஆறு மாதத்துக்கு மூன்றுதான் கிடைச்சது, தலைப்பையே மாத்தவா எண்டு கேட்டிருக்கிறீங்க. மாத்த வேணாம். அந்த மூன்று, நடந்த தவறுகளின்ட எண்ணிக்கை இல்ல. எழுதத் துணிஞ்சவங்கட எண்ணிக்கை. பேச்சு வாங்கப் பயந்து எத்தனை பேர் போர்ம் பக்கமே போகாம இருந்திருப்பாங்க?

2002இல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பாருங்க. 36 இடங்கள்ல மருந்து கொடுக்கிறத மூன்று வழியில ஆராய்ஞ்சாங்க. உறுதியான தவறுகள் 457. பக்கத்தில நிண்டு பார்த்தவங்க 300ஐப் பிடிச்சாங்க, நோயாளர் பதிவேட்டைப் புரட்டினவங்க 17. சம்பவ அறிக்கையில வந்தது ஒண்டே ஒண்டு!

அதனால மருந்து வண்டியோட நீங்களும் போங்க. கொடுத்த ஒவ்வொரு வேளை மருந்தையும் குறிச்சு, பிறகு டொக்டர் எழுதின அட்டையோட ஒப்பிடுங்க. நூறு வேளைக்கு எத்தனை பிழை எண்டு எழுதினாத்தான் அர்த்தம். நேரம் பிந்தினதத் தனியாப் போடுங்க, இல்லாட்டி அதுவே எல்லாத்தையும் மூடிரும்.

முதல் ரெண்டு மூன்று நாள் கணக்க விட்டுருங்க. நான் கல்முனைப் பக்கம் பயிற்சியில இருந்தப்போ, கொப்பியோட ஒராள் நிண்டா மிஸ்ஸிமார் (தாதிமார்) எல்லாரும் புத்தகத்தில உள்ளபடிதான் நடப்பாங்க. பழகினாப் பிறகுதான் வழமைக்கு வருவாங்க.

நெறிமுறைக் குழுவுக்குக் குடுக்கிற விண்ணப்பத்தில ஒண்டை மறக்காம எழுதுங்க: பிழையான ஊசி ஏறப்போகுதெண்டு கண்டா, ஆய்வு கெட்டாலும் தடுப்பீங்க.