மருந்துக்கு அரசு விலை வரம்பு இருந்தும் ஒரே மாத்திரை ஏன் பல விலையில் விற்கிறது?

ஒரு மெடிக்கல் கடையில் பத்து வருடம் சீட்டு வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வரம்பு எல்லா மருந்துக்கும் கிடையாது. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பவற்றுக்குத்தான் என்.பி.பி.ஏ. என்கிற விலை ஆணையம் உச்ச விலை வைக்கிறது. மற்றவற்றுக்குக் கம்பெனி வைத்ததுதான் விலை. அப்புறம் 12 மாதத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டியலில் இருப்பதற்கு விலை எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1995-ல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் தயாரிப்புச் செலவைக் கணக்குப் பார்த்தார்கள். 2013 ஆணை அதை விட்டுவிட்டது. சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்கு உள்ள பிராண்டுகள் எல்லாம் கடைக்காரருக்கு என்ன விலைக்குப் போடுகின்றன என்று பார்த்து, சராசரி எடுத்து, அதன் மேல் 16 சதவீதம் கடைக்காரர் லாபம் சேர்த்தால் அதுதான் உச்ச விலை. ஒரு பேச்சுக்கு நாலு பிராண்டு 20, 22, 24, 90 ரூபாய்க்கு வருகின்றன என்று வையுங்கள். சராசரி 39. லாபம் சேர்த்தால் 45 சொச்சம். 90 ரூபாய்க்காரர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த 45-ஐத் தூக்கிவிட்டதே அவருடைய 90தான்! 20 ரூபாய்க்கே கட்டுப்படியாகிற சரக்குக்குப் புதிதாக வருகிற கம்பெனி தாராளமாக 45 போடலாம். மாத்திரை செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. இது போக, மொத்தச் சந்தையில் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் மொத்த விலைக் குறியீட்டை வைத்து ஏப்ரலுக்கு ஏப்ரல் திருத்தம். 2022-ல் 10.76 சதவீதம், 2023-ல் 12.12 சதவீதம் ஏற்ற அனுமதி கிடைத்தது.

கடைக்குள் நடப்பது வேறு கதை. டாக்டர் சீட்டில் பிராண்டு பெயர் இருக்கும், அதை நாங்கள் மாற்றக் கூடாது. பெரிய கம்பெனி பிராண்டில் எங்களுக்கு நிற்பது கொஞ்சம்தான். சில ஜெனரிக் அட்டைகளில், அதாவது பெரிய பிராண்டு இல்லாத அதே மருந்தில், எம்.ஆர்.பி. 100 போட்டிருக்கும், ஸ்டாக்கிஸ்ட் என்கிற மொத்த வியாபாரி எங்களுக்குப் போடுவது அதில் கால்வாசிகூட இருக்காது. வாசலில் 'தள்ளுபடி' போர்டு தொங்குவது இந்தத் தைரியத்தில்தான். நாங்களும் போர்டு வைத்தோம், மறைக்க என்ன இருக்கிறது.

அரசு மனது வைத்தால் விலை இறங்காது என்றும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் இதய ரத்தக் குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கிற ஸ்டென்டுக்கு வரம்பு வைத்தார்கள். மருந்து பூசிய ஸ்டென்டு லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, ஒரே உத்தரவில் 29,600 ஆனது.

ஆனால் என் அனுபவத்தில் வரம்பைவிட நன்றாக வேலை செய்வது மொத்தக் கொள்முதல். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-லிருந்து இருக்கிறது. பிராண்டு பார்க்காமல் மருந்தின் பெயரில் டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிகளுக்குத் தருகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழிக்கு வந்தன.

எங்கள் கடைக்கு ஒரு பாட்டி வருவார். சர்க்கரை மாத்திரைச் சீட்டை நீட்டி, "அஞ்சு மட்டும் வெட்டிக் குடு தம்பி" என்பார். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது விலை அச்சான பக்கம் எங்களிடமே தங்கிவிடும், அவருக்கு விலையும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது. 2021-க்குப் பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்று கேள்விப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். முதலாளிக்குக் கேட்காமல்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் ஆளைக் காணோம். ஒருநாள் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையோடு வந்து கல்லா மேல் வைத்தார். "காசே வாங்காம குடுக்குறாங்க, இது கேக்குமா தம்பி?"

பெயரைப் படித்துப் பார்த்தேன். அலமாரியில் இருந்த எங்கள் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மருந்து, ஒரே மில்லிகிராம். "கேக்கும் பாட்டி" என்றேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. போகும்போது எதற்கும் இருக்கட்டும் என்று எங்களிடம் அஞ்சு வெட்டி வாங்கிக்கொண்டு போனார்.