படுக்கையில் கைபேசி பார்த்தால் தூக்கம் கெடுமா?

திரையின் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு உண்மைதான். 2014 இறுதியில் பாஸ்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 12 பேர் ஐந்து இரவுகள் ஒளிரும் திரையிலும் ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படித்தார்கள். திரையில் படித்தபோது, உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் தூக்கம் வரத் தாமதமானது சுமார் 10 நிமிடம்தான்! அதுவும் மங்கலான அறையில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, தினமும் 4 மணி நேரம் படித்ததற்கு. பன்னிரண்டே பேர் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், வெளிச்சத்தைவிடப் பெரிய திருடன் ‘இன்னும் ஒரே ஒரு காணொளி’ என்று திரையைத் தள்ளிக்கொண்டே போகும் கட்டைவிரல்தான். கைபேசியை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள். காலையில் எழுப்ப ஓர் அலாரம் கடிகாரம் போதும்.