புதுக் கடல்மீன் தொட்டியில் முதல் மீனை எப்போது விடலாம்?

உப்புத் தண்ணீர் நிரப்பிய மறுநாளே க்ளவுன் மீன் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். அவசரப்பட்டு விட்ட மீன் செவுள் சிவந்து, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடித் தவிக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை (சமையல் உப்பு கூடாது) கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒப்படர்த்தி 1.025 காட்டுகிறதா பாருங்கள். பிறகு மீன் இல்லாமலே, அந்த பாக்டீரியாவுக்கு உணவாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு அம்மோனியா சேருங்கள். சில வாரம் கழித்து, இப்படி அம்மோனியா சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் பலர் உப்புத் தண்ணீரையே ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள். உப்பு ஆவியாவதில்லை. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள்.