வாசகர் கேள்வி: பி.எஸ்.ஏ. 5.8 வந்தால் புற்றுநோயா?

“வயது 58. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறேன், சிறுநீரில் எரிச்சலும் உண்டு. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 5.8. கேன்சராக இருக்கலாம், உடனே பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுங்கள் என்கிறார் லேப்காரர்.” – வாசகர், கோத்தகிரி

லேப்காரர் எண்ணைத் தந்தால் போதும். அர்த்தம் சொல்ல வேண்டியவர் யூராலஜி டாக்டர். பி.எஸ்.ஏ. என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி எப்போதும் சுரக்கும் ஒரு புரதம். வயதானால் சுரப்பி பெரிதாகும், அப்போதும் இது ஏறும். கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். எரிச்சல் இருக்கிறது என்கிறீர்களே, முதல் சந்தேகம் அதன்மேல்தான். யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்த்து, தொற்று இருந்தால் மருந்தை முழுதாக முடித்து, ஆறு வாரம் கழித்து அதே லேபில் திரும்ப எடுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 2 நாள் தாம்பத்திய உறவும் சைக்கிள் சவாரியும் வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை, டீ குடித்துவிட்டே போகலாம்.

பலர் சொல்ல மறப்பது மாத்திரையை. சுரப்பி வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு அல்லது டியூட்டாஸ்டெரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்படிப்பட்டவருக்கு 3 என்று வந்தால் அதை 6 என்றுதான் படிக்க வேண்டும். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் ஃபினாஸ்டெரைடும் இதில் சேர்த்தி. சீட்டுகளை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாம் தடவையும் இறங்காவிட்டால் டாக்டர் ஆசனவாய் வழியே விரல் பரிசோதனை செய்து, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் பெரும்பாலும் அங்கே குறிவைத்துத்தான் பயாப்சி.

“எனக்கு 52. ஒரு தொந்தரவும் இல்லை. அப்பாவுக்கு 63 வயதில் இந்தப் புற்றுநோய் வந்தது. நான் சோதிக்க வேண்டுமா?” – வாசகர், குன்னூர்

வேண்டும். பொதுவாக 50-ல் யோசிக்கலாம். அப்பா, அண்ணன், தம்பிக்கு வந்திருந்தால் 45-லேயே. அம்மா வழியில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில மரபணுக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது. தொந்தரவில்லை என்பதை நம்பி உட்கார முடியாது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், சிறுநீர்ப் பாதையைத் தள்ளியே தொடங்குகிறது. பாதையை நெருக்கி நம்மை எழுப்பிவிடுவது பெரும்பாலும் சாதாரண வீக்கம். புற்றுநோய் சிலரிடம் எலும்புக்குப் பரவி, முதுகுவலியாகத்தான் வெளிப்படுகிறது.

மறுபக்கமும் உண்டு. மெதுவாக வளர்ந்து ஆயுள் முழுக்கக் கெடுதல் செய்யாத கட்டிகளும் சோதனையில் அகப்படும். அவற்றை அவசரமாக அறுத்தால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் மிஞ்சலாம். அதனால் ஆபத்துக் குறைந்த வகை என்றால் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., பயாப்சி மூலம் கண்காணித்துக்கொண்டே காத்திருக்கலாம். 70 தாண்டியவருக்கு, தொந்தரவில்லை என்றால், வழக்கமாகச் சோதிக்கச் சொல்வதில்லை.

“விரல் பரிசோதனைக்குப் பயந்தே கணவர் வரமாட்டேன் என்கிறார்.” – வாசகி, கூடலூர்

தொடக்கத்துக்கு ரத்தம் மட்டும் கொடுக்கட்டும், அதற்கு என்ன கூச்சம்?

“பனி மாதங்களில் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.” – வாசகர், ஊட்டி

குளிர் ஒரு காரணம். சளி மருந்தில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் சிறுநீர்ப்பை வாய் இன்னும் இறுகும். அது இல்லாத மருந்தா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள். அடியோடு நின்று அடிவயிறு உப்பினால் கோயம்புத்தூர் வரை மலையிறங்க வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு முதலில் சிறுநீரை வெளியேற்றுங்கள். அதன்பின் ஆறு வாரமாவது பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டாம், டியூபே எண்ணை ஏற்றிக் காட்டும்.