புகைக்காற்றில் மூன்று மாதம் இருந்தேன். குழந்தையின் இதயத்தில் ஓட்டை விழுமா?

கேள்வி: எனக்கு இப்போது 20 வாரம். முதல் குழந்தை. மூன்றாவது மாதம் முடியும்வரை, லாரிகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலையில் மேசையைத் துடைத்தால் மாலைக்குள் கறுப்புப் பொடி படிந்திருக்கும். இப்போது பின்பக்க அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். காற்று மாசால் சிசுவின் இதயத்தில் ஓட்டை விழும் என்று செய்தியில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. தெரிந்தவர் ஒருவர், ரத்தத்தில் நச்சு எவ்வளவு என்று பார்க்கும் சோதனையும் மரபணுச் சோதனையும் சேர்ந்த 'பேக்கேஜ்' ஒன்றை எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? வேலையை விட்டுவிடவா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். சிசுவின் இதயத்தை முழுதாகப் பார்க்கும் ஸ்கேன் ஒன்றை மட்டும் இந்த இரண்டு வாரத்துக்குள் செய்துகொள்ளுங்கள். அதற்குச் சரியான நேரம் இதுதான்.

முதலில் வாரக் கணக்கு. கரு உருவான மூன்றாவது வாரக் கடைசியில் இதயம் ஒரு சின்னக் குழாயாகத் துடிக்கத் தொடங்கும். அந்தக் குழாய் வளைந்து மடங்கி, உள்ளே சுவர்கள் எழும்பி, நான்கு அறைகளாகப் பிரிந்து, எட்டாவது வாரத்தோடு பெரும்பாலான கட்டட வேலை முடிந்துவிடும். மருத்துவர்கள் நாங்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால், உங்கள் ஃபைலில் அது ஏறக்குறைய 5 முதல் 10 வாரம் வரை. அதாவது நீங்கள் சாலையோர அலுவலகத்தில் இருந்த நாட்கள்தான். இதை மறைத்துப் பேசி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் பலருக்கு அந்த வாரங்களில் பாதி, கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே ஓடிவிடுகிறது. பெயரைப் பதிந்து முதல் பரிசோதனைக்கு வரும்போது சிசுவின் இதயம் கட்டி முடிந்திருக்கும். விடுப்பை எல்லாம் கடைசி மாதங்களுக்கு ஒதுக்கிவைக்கிறோம். இதயம் உருவாகும் வாரங்களில் ஒரு பெண்ணைப் புகையிலிருந்து தள்ளி உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்த நிர்வாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

சரி, ஆபத்து எவ்வளவு? செய்தி பொய்யில்லை. தெற்கு கலிஃபோர்னியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், இரண்டாவது மாதத்தில் கார்பன் மோனாக்சைடு அதிகம் இருந்த பகுதிகளில் வாழ்ந்த தாய்மார்களின் குழந்தைகளிடம் இதயத்தின் இரண்டு கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் ஓட்டை கூடுதலாகக் காணப்பட்டது. 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றில் நூறு கோடிக்குப் பத்துப் பங்கு கூடினால், 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்ற, நான்கு கோளாறுகள் சேர்ந்து வரும் இதயக் குறை சுமார் 20 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 20 சதவீதம் என்றதும் ஐந்தில் ஒரு குழந்தைக்கு என்று மனம் படித்துவிடுகிறது. அப்படியல்ல. பத்தாயிரம் குழந்தைகளில் சுமார் 4 பேருக்கு வருகிற குறை அது. 20 சதவீதம் கூடினால் 5-ஐக்கூடத் தொடாது. மாசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆயிரம் குழந்தைகளில் 8 முதல் 10 பேர் ஏதோ ஒரு இதயக் குறையோடு பிறக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சிறிய குறைகள். சின்ன ஓட்டைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தாய் சுவாசித்த காற்றை அளந்தவை அல்ல. பக்கத்தில் எங்கோ நிற்கும் அளவு நிலையத்தின் எண்ணை எடுத்துக்கொண்டவை. அந்த நிலையம் மைல் கணக்கில் தள்ளியிருக்கும். உங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரி அதில் பதிவாகாது. காற்றை அளப்பதிலேயே இவ்வளவு கஞ்சத்தனம் செய்துவிட்டு, பதில் தெரியாத பயத்தைத் தாய்மார்கள் தலையில் இறக்கிவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய், வலிப்புக்கான சில மாத்திரைகள், முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை), பெற்றோரில் ஒருவருக்குப் பிறவி இதயக் குறை: இவையெல்லாம் காற்று மாசைவிடப் பெரிய காரணங்கள். உங்களுக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பேக்கேஜ். மூன்று மாதத்துக்கு முன்பு நீங்கள் எவ்வளவு புகையைச் சுவாசித்தீர்கள், அது சிசுவின் இதயத்தை என்ன செய்தது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. தாயின் ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனை, டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளைச் சலித்துப் பார்க்கும். இதயத்தின் அமைப்பைப் பார்க்காது. 'எல்லாம் நார்மல்' என்று வந்த அந்தத் தாளை நம்பி, ஸ்கேனைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது இப்படி ஒரு சோதனையைச் சொன்னால், "இதன் முடிவு வந்தால் என் சிகிச்சையில் எது மாறும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பரிந்துரைத்தவருக்குக் கமிஷன் போகிறதா என்றும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

காற்றுச் சுத்திகரிப்பான் விற்பவர்களிடமும் கவனம். நல்ல ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. என்95 முகக்கவசமும் அப்படித்தான். ஓசோன் விடும் கருவி எதுவும் வீட்டுக்குள் வேண்டாம்.

இனி ஸ்கேன். 20 வாரத்தில் சிசுவின் இதயம் உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். திரையில் நான்கு அறைகள் திறந்து மூடுவது தெரிந்ததும், "இதயம் நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களையும் பார்க்க வேண்டும். இயல்பான இதயத்தில் அவை ஒன்றின் குறுக்கே ஒன்று கடக்கும். இடம் மாறிய குழாய்கள் என்றால் ரயில் தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்; அப்போதும் நான்கு அறைகள் பெரும்பாலும் அழகாகவே தெரியும். பிறந்த இரண்டாம் நாள் நீலம் பாய்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்த ஒரு தாயின் ஃபைலில், இதயத்தைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: 'நான்கு அறைகள் தெரிகின்றன.' ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரிசையில் நிறுத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் குழாய்களை எப்போது பார்ப்பது? ரிப்போர்ட்டில் இரண்டு பெரிய குழாய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், சிசுவின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் 'ஃபீட்டல் எக்கோ' ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 18 முதல் 22 வாரம் வரை அதற்கு ஏற்ற காலம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களை நிதானமாக இருக்கச் சொல்ல மாட்டேன். மூடிய அறைக்குள் கரி எரிப்பது, ஜெனரேட்டர் ஓடுவது, பூட்டிய காரேஜில் வண்டியை இயங்கவிடுவது. இவற்றில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தை அது 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பிடித்துக்கொள்ளும். தாயின் ரத்தத்திலிருந்து இறங்கிய பிறகும் சிசுவின் ரத்தத்தில் தங்கிவிடும். அப்படி ஒரு இடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் கர்ப்பத்தின் வழக்கமான தொந்தரவு என்று படுத்துவிடாதீர்கள். உடனே வெளியே வாருங்கள். அப்புறம் மருத்துவமனைக்குப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அந்தக் கருவி ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். "மூடிய அறையில் புகைக்குள் இருந்தேன், நான் கர்ப்பிணி" என்று சொல்லி, கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உங்களுக்குத் தெளிந்துவிட்டது என்று சீக்கிரம் அனுப்பப் பார்த்தால், சிசுவுக்குக் கூடுதல் நேரம் ஆக்ஸிஜன் வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பின்பக்க அறையிலேயே இருங்கள். இனி வரும் மாதங்களில் மாசு எடைக் குறைவோடும் குறைமாதப் பிறப்போடும் தொடர்புள்ளது. அதனால் நெரிசல் நேரத்தில் சாலையோரம் நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். யாராவது பக்கத்தில் புகைபிடித்தால் எழுந்து போய்விடுங்கள்.

குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். வலி இல்லாத சோதனை. சில நிமிடம்தான் ஆகும். ஸ்கேனில் தப்பிய சில பெரிய குறைகள் அதில் சிக்கும். தானாகச் செய்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.