மண்ணின் நுண்மை எண் மாறியதும் வார்ப்பில் ஓட்டை: என்ன செய்யலாம்?

கேள்வி: இரும்பு வார்ப்புகள் சொரசொரப்பாக வந்ததால், கிரீன் சேண்ட் மோல்டுக்கு (களிமண்ணும் தண்ணீரும் கலந்த ஈர மண் அச்சு) ஏஎஃப்எஸ் எண் (மண்ணின் நுண்மை எண்) 55 உள்ள மண்ணை விட்டு 90-க்கு மாறினோம். மேற்பரப்பு வழவழப்பானது, ஆனால் ப்ளோஹோல் (வாயு சிக்கி விழும் ஓட்டை) கூடிவிட்டது. பழைய மண்ணுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: முழுசாகத் திரும்ப வேண்டாம். ஆனால் மோல்டு முழுவதற்கும் 90 எண் மண் போடுவதும் தேவையில்லை.

ஏஎஃப்எஸ் எண் கூடக் கூட மண் பொடியாகும். பொடி மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள சந்து சிறியது. உருகிய உலோகம் அதற்குள் நுழையாததால்தான் பரப்பு வழவழப்பாகிறது. ஆனால் காற்றும் நீராவியும் வெளியேறுவதும் அதே சந்து வழியாகத்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. துகள் சிறுத்தால், அதே எடை மண்ணில் பூச வேண்டிய மொத்தப் பரப்பு கூடும். பழைய பலம் கிடைக்க மண்ணைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணும் அதற்கேற்ற தண்ணீரும் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள். ஆக, ஆவி கூடியது, போகும் வழி குறுகியது. ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

முகப்பில் மட்டும் பொடி மண் வையுங்கள். பேட்டர்னை (அச்செடுக்கும் மாதிரியை) ஒட்டி ஓர் அங்குலம் அளவுக்கு நுண்மண், அதன் பின்னால் பழைய 55. வென்ட் (ஆவி போகும் துளை) குத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம், ரேம்மிங்கையும் (மண்ணை இடித்து இறுக்குவதை) அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கு 90 கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. 60 முதல் 70 வரை எடுத்து, அதன்மேல் கிராஃபைட் பூச்சு கொடுத்தாலே பரப்பு நன்றாக வரும். சுமார் 700 டிகிரியில் ஊற்றும் அலுமினியத்துக்கு வேண்டுமானால் 90 பொருந்தும். 1,600 டிகிரியை ஒட்டி ஊற்றும் எஃகுக்கு மண் பருமனாகவே இருக்க வேண்டும்.

அப்புறம், அந்த எண் வெறும் சராசரி. பருமனான மண்ணில் தூசியைக் கலந்தாலும் அதே எண் வரும், ஆனால் தூசி சந்துகளை அடைத்துவிடும். சப்ளையரிடம் சல்லடை அறிக்கை கேட்டு வாங்குங்கள். பெரும்பகுதி மண் அடுத்தடுத்த 3, 4 சல்லடைகளில் பரவி நிற்க வேண்டும். ஒரே சல்லடையில் குவிந்தாலும் நல்லதில்லை: சிலிக்கா 573 டிகிரியில் திடீரென விரியும். எல்லாத் துகளும் ஒரே அளவென்றால் விரிவு ஒரே சமயத்தில் வந்து மோல்டின் முகம் பெயரும்.

மறுபடி பயன்படுத்தும் மண்ணில் தூசியை உறிஞ்சி எடுக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் 55 மண்ணும் போகப் போகப் பொடி மண்ணாகிவிடும்.