கொங்கிரீட் வெடிப்பும் கம்பியும்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): மேல்தட்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் கம்பி கட்டினால் வெடிப்பே வராது, ஐயா?

பதில்: அப்படியொரு கம்பி இல்லை. கொங்கிரீட் இழுவிசையைத் தாங்கும் திறன், அமுக்கத்தைத் தாங்கும் திறனில் ஏறத்தாழப் பத்திலொரு பங்குதான் என்பதால், காய்ந்து சுருங்கும்போதோ பாரம் ஏறும்போதோ அது வெடிக்கவே செய்யும். வெடித்த பிறகுதான் கம்பி தன் வேலையை முழுமையாகத் தொடங்குகிறது. அகன்ற ஒரு வெடிப்பை மெல்லிய பல வெடிப்புகளாகப் பிரித்துவிடுகிறது. வீடுகளுக்கு 0.3 மில்லிமீற்றர் அகலம் வரை பொதுவாக ஏற்கப்படும். தண்ணீர்த் தாங்கிக்கு 0.2. கலவையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் சுருக்கம் கூடி, எந்தக் கம்பியாலும் பயன் குறையும்.

கேள்வி (தலவாக்கலை): 10 மில்லிமீற்றர் கம்பியை 4 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டுவதற்குப் பதிலாக, 16 மில்லிமீற்றரை 10 அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டலாம் என்கிறார் எங்கள் மேசன் பாஸ். சரியா?

பதில்: இரும்பின் அளவில் அவர் சொல்வது சரி: ஒரு மீற்றர் அகலத்தில் முதலாவது ஏறத்தாழ 785 சதுர மில்லிமீற்றர், இரண்டாவது 804. ஆனால் கொங்கிரீட்டைப் பற்றிப் பிடிப்பது கம்பியின் மேற்பரப்பு. சுற்றளவுகளைக் கூட்டிப் பார்த்தால் 314 மில்லிமீற்றருக்கு எதிரே 201தான் கிடைக்கிறது. பிடி குறையும்போது வெடிப்புகள் தள்ளித் தள்ளி விழுந்து, ஒவ்வொன்றும் அகலமாகும்.

கேள்வி (தலவாக்கலை): நான்தான் அந்த பாஸ். மெல்லிய கம்பி மிதிபட்டு வளைந்து கீழே இறங்கிவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் சேர்?

பதில்: நியாயமான மறுப்பு; மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் இதை நினைப்பதேயில்லை. பல்கனித் தட்டில் மேற்கம்பி கீழிறங்கினால் வெடிப்போடு நிற்காது, தட்டே உடைந்து விழலாம். ஆயினும் அதற்குரிய பரிகாரம், கம்பியைத் தாங்கும் கால்களை நெருக்கி வைப்பதும் வேலையாட்கள் நடப்பதற்குப் பலகை போடுவதுமே. கம்பியைப் பருமனாக்கி இடைவெளியைக் கூட்டுவதன்று.

கேள்வி (பண்டாரவளை): ஆடிக் காற்றில் போட்ட தட்டு அன்று மாலையே வெடித்துவிட்டது. கம்பி போதவில்லையா?

பதில்: கம்பியைக் குறை சொல்லாதீர்கள், இறுகாத கொங்கிரீட்டை அதனால் பற்றிப் பிடிக்க முடியாது. உள்ளிருந்து நீர் மேலே ஊறி வருவதைவிட வேகமாகக் காற்று மேற்பரப்பை உலர்த்தியதே காரணம். காற்றுக்கு மறைப்புக் கட்டி, மட்டம் செய்த உடனேயே பொலித்தீனால் மூடி, பிறகு குறைந்தது 7 நாட்கள் ஈரச்சாக்குப் போடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): இங்கே எப்போதும் பனிமூட்டம்தானே, ஈரச்சாக்கு அவசியமா?

பதில்: அவசியம். குளிரில் கொங்கிரீட் மெதுவாகவே பலம் பெறுவதால் இன்னும் சில நாட்கள் கூடுதலாகவே வேண்டும்.

கேள்வி (மஸ்கெலியா): 12 மில்லிமீற்றர் போட்டால் வெடிக்காதா?

பதில்: ஹட்டன் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள். தண்ணீரையும் அதிகம் ஊற்றாதீர்கள்.

கேள்வி (கொத்மலை): வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. மழைக்குப் பிறகு சுவரும் தரையும் பிளந்து நாளுக்கு நாள் விரிகின்றன. எவ்வளவு கம்பி சேர்க்கலாம்?

பதில்: இது கம்பியால் தீராது, நிலமே நகர்கிறது போலும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். மழை தொடர்ந்தால் அவர்கள் வரும்வரை அந்த வீட்டில் தங்க வேண்டாம்.